கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு வைத்த படையல்

அன்று காலை முன்னறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அக்கா, அக்காவின் ஏழு வயது மகள், நான். மச்சான் இல்லை. அவர் கேரளப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், இடுப்பிலிருந்து முழங்கால் வரை அசைக்க முடியாதபடி கட்டப்பட்டுக் கிடந்தார். அவருடைய தம்பி துணைக்கு இருந்தார். வீட்டில் சமையலறைச் சுவரும் இல்லை. அந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தோம். காற்றடிக்கும்போது அது உப்பி உள்ளே வந்து, அடுப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பப் போனது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அது. மத்தியானம் வருவதாக எஸ்டேட் ஆபீசர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வருவதற்குள், கிறிஸ்துமஸ் தாத்தா என்று ஒருவர் கிடையாது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

"நீதான வாத்தியாரு. நீயே சொல்லு" என்றாள் அக்கா.

நான் கூடலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அக்காவுக்குக் கையெழுத்துப் போட வரும். மச்சான் பஸ் போர்டு படிப்பார். அதனால் வாயால் செய்ய வேண்டிய வேலைகள், ஆஸ்பத்திரியில் பேசுவது, பேங்க்கில் பேசுவது, எல்லாம் என்னிடம்தான் வரும். இதுவும் வந்தது.

எங்கள் லயம் பந்தலூர் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள்தான் அதிகம், பெரும்பாலும் இந்துக்கள். கடைசி இரண்டு வீடுகள் மட்டும் கிறிஸ்தவர்கள். டிசம்பர் கடைசியில் சர்ச்சிலிருந்து பாட்டுக் குழு வரும். முன்னால் டிரம், பின்னால் சிவப்பு அங்கியும் பிளாஸ்டிக் முகமுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டு வருவார். எந்த வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் பார்க்காமல் மிட்டாய் கொடுப்பார். வேஷம் போடுவது கடைசி வீட்டு ஜீப் டிரைவர். ஒல்லியான மனிதர். தொப்பைக்காக உள்ளே தலையணை கட்டியிருப்பார். ஆடி முடிக்கும்போது தலையணையின் பூப்போட்ட உறை வெளியே எட்டிப் பார்க்கும்.

அதற்கு முந்தைய வருஷமே பிள்ளை கேட்டாள்.

"அம்மா, தாத்தா செருப்பும் டிரைவர் மாமா செருப்பும் ஒரே மாதிரி இருக்கு."

"ரெண்டு பேரும் ஒரே கடையில வாங்கியிருப்பாங்க. நீ மிட்டாயத் தின்னு."

அந்த வருஷம் லீவுக்கு வந்தபோது, அவளிடம் சொல்லிவிடலாம் என்று நான்தான் பேச்செடுத்தேன். என் வகுப்பில் ஒரு பையன் தாத்தா வருவார் என்று உண்மையாக நம்பிக்கொண்டிருந்தான். மற்ற பிள்ளைகள் அவனைச் செய்த கேலியில் சில நாள் பள்ளிக்கே வரவில்லை. வெளியில் யாரோ சிரித்துக்கொண்டு சொல்வதைவிட, வீட்டில் நாம் சொல்வது நல்லது என்பது என் எண்ணம்.

அக்கா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "இப்ப தாத்தா இல்லன்னு சொன்னா அடுத்து சாமியக் கேப்பா. அதுக்குப் பதில் வச்சிருக்கியா?"

நான் முறத்திலிருந்த கல்லைப் பொறுக்கினேன்.

"இல்லல்ல. அப்ப வாய மூடு."

மச்சான் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். "எனக்குச் சின்னதுல பொய் சொல்லக்கூட ஆளில்ல மாப்ள. இவளுக்குச் சொல்ல மூணு பேரு இருக்கோம். இருந்துட்டுப் போகட்டும் விடு."

விட்டுவிட்டேன்.

மாலை போட்ட வீடு என்பதால் சாமி படத்துக்கு முன்னால் எப்போதும் நேந்திரம்பழமும் வெல்லமும் அவலும் இருந்தன. வீட்டுக்குள்தான் இருந்தன. வெளியில் பழமோ உப்போ தீனியோ வைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடும் விஷயம். யானைக்காகத்தான். பலாவைக்கூடப் பழுக்க விடமாட்டோம், பிஞ்சிலேயே வெட்டிவிடுவோம். எஸ்டேட் ஆபீஸும் அதைத் தகரத்தில் எழுதி லயத்து வாசலில் அடித்து வைத்திருந்தது.

இதற்கு எங்களுக்குள் ஒரே ஒரு விலக்கு உண்டு. தேயிலைக் காட்டின் ஓரத்தில் மரத்தடி முனியாண்டிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வைக்கும் படையல். இலையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பார்த்தால் சாமி சாப்பிடாது. சாமி சாப்பிடும்வரை அதை யாரிடமும் பேசவும் கூடாது. பிள்ளை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் இதைப் பார்த்திருக்கிறாள்.

பாட்டுக் குழு வந்துபோன சாயங்காலம் அவள் அதைத்தான் செய்திருக்கிறாள். ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் தாத்தாவுக்குக் கேக்கும் பாலும் வைப்பார்கள். கேக்குக்கு எங்கே போவது? சாமி படத்துக்கு முன்னால் இருந்ததை எடுத்து, வாழையிலைத் துண்டில் வைத்து, ஒரு டம்ளர் டீயும் சேர்த்து, சமையலறைச் சுவரின் வெளிப்பக்கம் வைத்துவிட்டாள். தாத்தா புகைபோக்கி வழியாகத்தானே இறங்குவார்? அது சுவரோரத்தில்தான் இருக்கிறது. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். யாரிடமும் சொல்லவும் இல்லை.

விடிவதற்கு முன்பே மச்சான் குளிக்க எழுந்துவிடுவார், விரதம். சமையலறைக்குள் போய்ச் செம்பு எடுத்துக்கொண்டிருந்தார். லாரியிலிருந்து கல்லைக் கொட்டியது போல் ஒரு சத்தம் கேட்டது. வெளியிலிருந்த தீனியை முடித்த யானை, உள்ளே இருந்த அரிசி மூட்டையின் வாசத்துக்குச் சுவரைத் தள்ளியிருக்கிறது. மச்சானை அது தொடவில்லை. சுவர்தான் அவர் மேல் விழுந்தது. லயமே எழுந்து தகரத்தைத் தட்டியதும் ஒரு மூட்டை அரிசியை இழுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டது.

டிரைவரும் நானும் கல்லைப் புரட்டினோம். மச்சான் கத்தவில்லை. "மெதுவா, மெதுவா" என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜீப்பில் ஏற்றும்போது பின்பக்கத்திலிருந்து பிள்ளை ஓடி வந்தாள். அவள் முகத்தில் பயமும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது.

"அம்மா, தாத்தா வந்திருக்காரு! எலையோட சாப்புட்டுட்டாரு!"

மச்சானின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்த டிரைவர் என்னைப் பார்த்தார். முந்தின நாள் பசையில் ஒட்டிய பஞ்சு அவர் தாடையில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு உடனே பணம் கட்டச் சொன்னார்கள். வனத்துறையின் உதவிப் பணம் தனியாக வரும், ஆனால் அது வரும்போதுதான் வரும். எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. லயத்துக்குள் யானையால் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவை ஆபீஸ் கட்டும், சுவரைக் கட்டித் தரும், ஆளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலையும் கொடுக்கும். ஆனால் வெளியில் தீனி வைத்திருக்கக்கூடாது. கீழ் லயத்தில் ஒரு வீட்டார் பலாப்பழத்தைக் கூரைக்கடியில் தொங்கவிட்டு, ஒரு பைசா வாங்க முடியாமல் போனது எல்லோருக்கும் தெரியும்.

அதனால் லயத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. யாரோ அந்த டம்ளரைத் தேடி எடுத்துக் கழுவி உள்ளே வைத்துவிட்டிருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தது பிள்ளை மட்டும்தான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "மொதல்ல தாத்தா வந்து சாப்புட்டுட்டுப் போயிருக்காரு. அப்புறந்தான் யானை வந்திருக்கு." வந்தவர்கள் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ குடிக்காமல் எழுந்து போனார்கள்.

முதலில் அக்கா சுலபமாக முடிக்கத்தான் பார்த்தாள்.

"ஆபீசர் வந்தா பழம் வச்சதச் சொல்லாத."

"ஏன்?"

"சொல்லாதன்னா சொல்லாத."

"படையல் வச்சுட்டு வைக்கலன்னு சொன்னா சாமி கண்ணக் குத்தும்னு நீதானம்மா சொன்ன. தாத்தாவும் கோவிச்சுக்குவாரு."

அதற்குப் பிறகுதான் அக்கா என் பக்கம் திரும்பினாள். தாத்தாவே இல்லையென்றால் படையலும் இல்லை, சொல்லாமல் விட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

பாயில் பிள்ளையின் எதிரே உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். அங்கி, பஞ்சு, தலையணை, கடைசியில் டிரைவர். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவது, வகுப்பில் செய்வது போல.

"பாப்பா, தாத்தா வேஷத்துல ஆடறது யாரு தெரியுமா?"

"டிரைவர் மாமா."

"உனக்குத் தெரியுமா?"

"போன வருசமே தெரியும். செருப்பு."

எனக்குப் பாதி வேலை முடிந்தது போலிருந்தது. "அப்ப தாத்தா நெஜமில்லன்னும் தெரியும்ல?"

கணக்குப் புரியாத பையனை நான் பார்ப்பது போல அவள் என்னைப் பார்த்தாள். "மாமா, முனியாண்டி கோயில்ல பூசாரி ஆடறாருல்ல. பூசாரியா முனியாண்டி? முனியாண்டி அவரு மேல வர்றாரு. அது மாதிரி தாத்தா டிரைவர் மாமா மேல வர்றாரு. ஆடி முடிஞ்சதும் எறங்கிருவாரு. அப்புறமா தனியா வருவாரு."

என் கையில் இருந்தது அவ்வளவும் காலி. வேறு பிள்ளைகளுக்கு இந்த உண்மையைச் சொன்னவர்களுக்கு, வேஷத்தைக் கலைத்துக் காட்டினாலே போதுமாக இருந்திருக்கும். எங்கள் பிள்ளைக்கு வேஷம் ஒரு பொருட்டே இல்லை. மனிதன் மேல் இன்னொன்று வந்து இறங்குவதை வருஷா வருஷம் பார்த்து வளர்ந்தவள்.

"யாரும் வர்றதில்ல பாப்பா" என்றேன். "டிரைவர் மாமா மேலயும் வர்றதில்ல. தனியாவும் வர்றதில்ல. பெரியவங்க சேந்து உங்களுக்காக வெளையாட்டா செய்யறது. தாத்தான்னு யாருமே இல்ல."

"யாருமே?"

"யாருமே."

அக்கா தார்ப்பாய் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிள்ளை அழவில்லை. பாயின் கோரையை நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "அப்ப பழத்த யாரு சாப்புட்டா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. இப்போது நினைத்தால் வேறு எந்தக் கேள்வி வந்திருக்க முடியும் என்று தோன்றுகிறது.

"கொரங்கு" என்றாள் அக்கா, சட்டென்று.

"கொரங்கு தோலப் போட்டுட்டுப் போகும். எலையத் திங்காது."

அவள் எஸ்டேட் பிள்ளை. எது எதைத் தின்னும், எப்படித் தின்னும் என்று அவளுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. தார்ப்பாயைப் பார்த்தாள். அது உப்பி உள்ளே வந்தது, போனது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"எது பாப்பா?"

"ஒண்ணுமில்ல."

அப்படியே எழுந்து போய் என் துணிப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை தானாகக் கேட்கும்போது சொல்ல வேண்டும் என்றுதான் நான் எப்போதும் நினைத்திருந்தேன். அன்று அவள் கேட்கவில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது, சொன்னோம்.

ஆபீசர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், மரியாதையான மனிதர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"ஊட்டுக்காரர் எப்படி இருக்காருங்க?"

"இடுப்பு எலும்பு ஒடஞ்சிருக்குங்க சார்."

"அடக் கடவுளே. ஏனுங்கம்மா, வெளிய தீனி ஏதாச்சும் கெடந்துச்சுங்களா? பழம், உப்பு, அந்த மாதிரி?"

"ஒண்ணுமில்லீங்க சார்" என்றாள் அக்கா.

"நான் வச்சேன்."

என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். பிள்ளை முன்னால் வந்து நின்றாள்.

"என்ன கண்ணு வச்ச?"

"படையல். நேந்திரம்பழம்."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. தாத்தா இல்லையாம். மாமா சொன்னாங்க."

ஆபீசர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, தணிந்த குரலில் பேசினார். "கொழந்தை பேசினது எனக்குக் காதுல விழலீங்க தம்பி. தீனி எதும் வெக்கலைன்னு ஊட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். மத்ததை நான் பாத்துக்கறேன். என்ர கையில அவ்வளவுதானுங்க இருக்குது."

மறுநாள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளையை விட்டுவிட்டுப் போக அக்காவுக்கு மனமில்லை. வார்டில் நர்ஸ், "மோளே, சத்தம் போடாதே" என்று மலையாளம் கலந்து சொல்லி உள்ளே விட்டாள். மச்சானின் மாலையை ஆபரேஷனுக்கு முன்னால் வெட்டி எடுத்திருந்தார்கள். அது தலைமாட்டில் காகிதப் பொட்டலமாக இருந்தது. கழுத்து வெறுமையாக இருந்ததால் அவர் வேறு யாரோ போலத் தெரிந்தார்.

ஆபீசர் கேட்டபடி எழுதி எடுத்துவந்த காகிதத்தை நான் படித்துக் காட்டினேன். படையல் விஷயம் அவருக்கு அதுவரை தெரியாது. "இதுக்கு எதுக்குடா கையெழுத்து, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான" என்று சொல்லிப் பேனாவை வாங்கினார். கட்டில் கால்மாட்டில் நின்ற பிள்ளை அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா குட்டி?"

"நாந்தாம்பா வச்சேன்." பிறகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். இலை, புகைபோக்கி, திரும்பிப் பார்க்காமல் வந்தது. "தாத்தா இல்ல. யானைதான் சாப்புட்டுச்சு. நான் வச்சதுக்குத்தான் வந்துச்சு."

அக்கா அவள் வாயைப் பொத்தக் கையை நீட்டினாள். மச்சான் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். மேலே மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார்.

"என்னென்ன வச்ச?"

"பழம், வெல்லம், அவல். அப்புறம் டீ."

"டீயுமா?"

"நெறைய சக்கர போட்டு."

"எனக்கு உங்கம்மா சக்கரயே போடுறதில்ல" என்று சிரித்தார். சிரிப்பு இடுப்பில் போய் இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டார். வலி அடங்கியதும் பேனாவை என்னிடம் நீட்டினார். "எடுத்துட்டுப் போ மாப்ள."

"மச்சான், ஆபீசர் நல்லவரு. அவரே கேக்காத மாதிரி இருந்துட்டாரு. ஒரு கையெழுத்துதான்."

"இவ நின்னு பாத்துக்கிட்டிருக்கா. நான் வைக்கலன்னு எழுதினா, ஆளாளுக்கு ஒளிச்சு வைக்கிற மாதிரி ஏதோ பண்ணிட்டோம்னு இவ காலத்துக்கும் நெனச்சுக்குவா. புள்ள சாமிக்கு வைக்கிற மாதிரி வச்சா. யானை வந்துச்சு. அவ்வளவுதான்."

"காலு போச்சு, வேல போவப்போவுது" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை, வார்டு என்பதால். "நியாயம் பேசி ஒல கொதிக்குமா?"

"கொதிக்காது."

"அப்ப போடுங்க."

"முடியல" என்றார் மச்சான். "என்னால முடியல. போட்டா நல்லதுன்னு தெரியுது."

அக்கா வெளியே போய்விட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பிள்ளை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலைப் பார்த்தபடியே அக்கா கேட்டாள். "யாருமே இல்லன்னு உன்ன யாரு சொல்லச் சொன்னது? தாத்தாவே வந்து, இத யாருகிட்டயும் சொல்லாதன்னு சொன்னாருன்னு சொல்லியிருந்தா அவ கேட்டிருப்பா. ஒரு வருசம் போயிருக்கும். வேலயாவது மிஞ்சியிருக்கும்."

எனக்கு அது தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியதும் அப்போதுதான்.

ஆபீஸ் பணம் வரவில்லை. அவர்கள் மேல் குறையில்லை, தகரத்தில் எழுதியிருந்ததுதான். வீடு அக்கா பெயரில் இருந்ததால் லயத்தை விட்டுப் போக வேண்டியதில்லை. மச்சான் கம்பு ஊன்றி வாசல் வரை நடக்கிறார். பாக்டரியில் மூட்டை தூக்கியவரால் இப்போது ஒரு குடம் தூக்க முடியாது. அக்கா ஒருத்திதான் கொழுந்து பறிக்கப் போகிறாள். வனத்துறைப் பணம் வந்தது, வந்த வேகத்தில் மருந்துக்குப் போனது. மாலைப் பொட்டலம் பரணில் இருக்கிறது. அதை அவர் கேட்கவில்லை.

சாமியைப் பற்றிப் பிள்ளை கேட்பாள் என்று அக்கா பயந்தாளே, அவள் கேட்கவே இல்லை. முனியாண்டிக்குப் படையல் வைக்கும் நாளில் எங்களோடு வந்தாள். கும்பிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். அவள் மட்டும் இலையைப் பார்த்தபடி, லயம் வரும் வரை பின்புறமாகவே நடந்து வந்தாள். தேயிலைச் செடிகளில் இடித்துக்கொண்டும் திரும்பவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை.

அடுத்த டிசம்பரில் பாட்டுக் குழு வந்தது. டிரைவர் வேஷம் போடவில்லை, வேறொரு பையன் போட்டிருந்தான். எங்கள் வாசலில் டிரம்மை நிறுத்திக்கொண்டு தயங்கினார்கள். "அட, அடிங்கடா! எங்க வீட்டுல என்னா எழவா?" என்று மச்சான் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். அடித்தார்கள். பிள்ளை மிட்டாயை வாங்கி, "தேங்க்ஸ் அண்ணா" என்றாள் தாத்தாவிடம்.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்தி, சிந்திய அவல் ஏதாவது வெளியில் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். அது இப்போது அவள் வேலை, தினமும் செய்கிறாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

"எதுக்கு?"

"அப்பாவுக்கு. சுவத்துக்கு. அம்மா தோட வித்துச்சே, உங்க சீட்டுப் பணம், எல்லாம் சேத்து."

அக்கா அடுப்படியிலிருந்து வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் மச்சானைப் பார்த்தேன்.

"கேக்குறால்ல. சொல்லு மாப்ள" என்றார்.

இந்தத் தடவை அவளாகத்தான் கேட்டாள். சொன்னேன். இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் ரூபாய்.